உருவி எடுத்த நீலம்

முப்பது வருடமாகத் தாட்சாயணி சிற்பத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். முதலில் முகத்தை விட்டாள், அப்புறம் உடம்பை. பிறகு கல், இரும்பு, மரம். ஐம்பத்து நான்கு வயதில் அவளிடம் மிஞ்சியவை நிறமும் வெளிச்சமும் காலி இடமும்தான். அவை போதும் என்று அவள் சொன்னபோது முதலில் சிரித்தவர்கள், பழைய மகாபலிபுரம் சாலையில் அவளுடைய ‘நீலம்’ திறக்கப்பட்ட அன்று வாயடைத்து நின்றார்கள்.

நிறமாலை என்ற நிறுவனம் தன் தலைமை அலுவலகத்துக்குப் பக்கத்தில் அவளுக்காகவே ஒரு கூடம் கட்டியிருந்தது. நாற்பதடி உயரம். தூண் கிடையாது, ஜன்னல் கிடையாது, எங்கு பார்த்தாலும் வெள்ளை. நடுவில், தரையிலிருந்து கூரை வரை ஒரு நீலப் பலகை நின்றது. பலகை என்பது பேச்சுக்குத்தான். அங்கே பொருள் என்று ஒன்றும் இல்லை, வெறும் வெளிச்சம். கையை நீட்டினால் மணிக்கட்டுவரை நீலத்துக்குள் போய்விடும். வெளியே மேகம் வந்தால் பலகை மங்கும். மேகம் விலகினால் பளிச்சென்று நிமிரும். வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள்.

அந்த நீலத்துக்காக அவள் எட்டு மாதம் சண்டை போட்டிருந்தாள். முதலில் மின்விளக்கில் நீலம் காட்டினார்கள். “இது செத்த நீலம்” என்று எழுந்து போய்விட்டாள். “எனக்குப் பகல் வேணும். காலையில ஒன்பது மணிக்கு இருக்குமே, அந்த வெளிச்சத்துலேருந்து நீலத்த மட்டும் பிரிச்சுக் குடுங்க. முடியாதுன்னா இந்த வேலையே வேண்டாம்.” நிறுவனத்தின் ஒளிப் பொறியாளர் எபினேசர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, “கொண்டு வந்துடலாம் மேடம்” என்றார். எங்கேயிருந்து என்று அவள் கேட்கவில்லை.

கூடத்தின் தரையைத் துடைக்க மோனிஷா என்ற பெண் ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தாள். இருபத்து மூன்று வயது. சதுப்பேரி குடியிருப்பில் வீடு. கூவம் கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் அடுக்குமாடிகளில் வைத்தார்களே, அந்தக் குடும்பங்களில் ஒன்று. வெள்ளைத் தரையில் ஒரு தலைமுடி கிடந்தாலும் நீலத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும் என்பதால், காலுறை போட்டுக்கொண்டு தினமும் மூன்று தடவை துடைப்பாள். ஒருநாள், “உள்ள ஒண்ணுமே வெக்கலியே மேடம், இத்தினி பேரு இன்னாத்த பாக்க வராங்க?” என்று கேட்டாள். தாட்சாயணிக்கு அது பிடித்துப்போயிற்று. பேட்டி எடுத்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தாள். ஏழு மாத வயிற்றோடு மோனிஷா வேலையை விட்டு நின்றபோது கூப்பிட்டு வாழ்த்தி அனுப்பினாள்.

நாலரை மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு மோனிஷா திரும்பி வந்தாள். தோளில் பத்து வாரக் குழந்தை. நுழைவுச்சீட்டு கேட்ட காவலாளியைத் தள்ளிவிட்டு, செருப்புக் காலோடு வெள்ளைத் தரையில் நடந்து நேரே நீலத்தின் முன்னால் வந்து நின்றாள். அங்கே தாட்சாயணி கல்லூரி மாணவர்கள் முப்பது பேருக்குக் காலி இடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மேடம், கையத் தட்டுங்க.”

“மோனிஷாவா? வாம்மா. என்ன குழந்தை?”

“பொண்ணு. உங்க கையத் தட்டுங்க. இவ காதாண்ட வந்து தட்டுங்க.”

தாட்சாயணிக்குப் புரியவில்லை. மோனிஷா குழந்தையை இடது கையில் மாற்றிக்கொண்டு, வலது கையால் தன் தொடையில் ஓங்கி அடித்தாள். காலிக் கூடத்தில் அந்தச் சத்தம் அறை விழுந்தது போல் எதிரொலித்தது. முப்பது பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். குழந்தை திரும்பவில்லை. இமைகூட அசையவில்லை. நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா? இதான் இப்ப என் பொண்ணு.”

மாணவர்களை வெளியே அனுப்பினார்கள். மோனிஷா உட்கார மறுத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

“பொறந்த மூணா நாளு டிஸ்சார்ஜ் பண்ணாங்க. நல்லாதான் இருந்தா. காலைல வெயில்ல காட்டுன்னு எல்லாரும் சொன்னாங்க. காட்டினேன் மேடம், ஒருநாள் வுடாம ஏழு மணிக்கு வெளிய தூக்கினு போனேன். ராத்திரி டியூப் லைட்டுல பாத்தா மஞ்சளா இருந்தா. விடிஞ்சு பாத்தா எங்க எல்லாரையும் மாதிரிதான் இருந்தா. டியூப் லைட்ட நம்புவனா, சூரியன நம்புவனா? நீங்க சொல்லுங்க. வூட்டுக்கு வந்த நர்ஸம்மாவும் வெளிச்சத்துல பாக்கலாம்னு வராண்டாவுக்குத் தூக்கினு போயி, நெத்திய அமுக்கிப் பாத்தாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போனாங்க. எட்டா நாளு பால் குடிக்கல. முதுக வில்லு மாதிரி வளைச்சா.”

“மஞ்சள் காமாலையா?”

“மூளைக்கு ஏறிடுச்சாம். உயிரு தங்குச்சு, காது போச்சு. கழுத்து நிக்குமான்னு இப்ப சொல்ல முடியாதாம்.” அவள் நீலத்தைக் கையால் காட்டினாள். “ஆஸ்பத்திரில இந்த லைட்டுக்குக் கீழதான் படுக்க வெச்சாங்க. பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூணு மாசம் தொடச்ச கண்ணு இது. இந்த நீலம்தான் காமாலைய கரைக்கும், வெயில்லகூட இது இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அப்ப எங்க வெயில்ல ஏன் இல்ல? பந்தல் ரிப்பேருக்கு வந்தவனப் புடிச்சுக் கேட்டேன். இந்தக் கேபிள் எங்கடா போவுதுன்னு. அவன் சொன்னான், உங்க ஹாலுக்குன்னு.”

“எந்தப் பந்தல்?” என்று தாட்சாயணி கேட்டாள்.

மோனிஷா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “தெரியாதா? உங்களுக்குத் தெரியவே தெரியாதா?” என்று கத்தினாள். கத்தல் நான்கு சுவரிலும் மோதித் திரும்பியது. குழந்தை அவள் தோளில் அமைதியாகக் கிடந்தது.

அன்றே தன் அறைக்கு வந்து கேட்ட தாட்சாயணியிடம் எபினேசர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாக அது அவருக்குத் தோன்றியதே இல்லை.

“குளிர்ப்பந்தல்னு பேரு மேடம். கண்ணாடி மாதிரி ஒரு படலம். சதுப்பேரில எட்டு பிளாக்குக்கும் மேல விரிச்சு நாலு பக்கமும் இறக்கியிருக்கோம். வெயில் அது வழியாப் போறப்போ நீலத்த மட்டும் உறிஞ்சிக்கும். அது கண்ணாடி இழைல ஓடி இங்க வருது. மத்த நிறமெல்லாம் கீழ போயிடும். மக்களுக்குச் சூடு குறையும், நமக்கு நீலம் கிடைக்கும்.”

“ஏன் அங்க? இந்த ஆபீஸ் கூரை மேல விரிச்சிருக்கலாமே.”

“இங்க ஸ்டாஃப் ஒத்துக்க மாட்டாங்க மேடம். கலர் மாறிடும்ல?”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. கீழே பார்த்துக்கொண்டார்.

“அவங்களுக்கு மட்டும் மாறாதா?”

“கண்ணு பழகிடும் மேடம். ஒரே வாரம். எல்லாமே மஞ்சளாயிட்டா எதுவுமே மஞ்சளாத் தெரியாது. டெஸ்ட் பண்ணிட்டுத்தான் போட்டோம். இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் வரல.”

“யார வெச்சு டெஸ்ட் பண்ணீங்க?”

“எங்க டீம்ல இருபது பேரு.”

“அதுல கைக்குழந்தை எத்தன?”

தாட்சாயணி மேசைமேலிருந்த கூடத்தின் மாதிரியை, அட்டையில் அவளே கையால் செய்ததை, எடுத்துச் சுவரில் எறிந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளே காரை ஓட்டிக்கொண்டு சதுப்பேரிக்குப் போனாள். குடியிருப்பின் நுழைவு வளைவைத் தாண்டி உள்ளே போனதும் காலை பத்து மணி சாயங்காலம் ஐந்தரையாக மாறியது. சுவர், மண், நாய், பிளாஸ்டிக் குடம் எல்லாவற்றின் மேலும் தேன் ஊற்றினாற்போல் ஒரு பொன்நிறம். அழகாக இருந்தது. அதை அழகு என்று தன் கண் சொன்னதற்காக அவள் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்ள இங்கே வருகிறார்கள் என்று மோனிஷாவின் கணவன் டில்லிபாபு சொன்னான். குழாயடியில் இரண்டு பெண்கள் சொட்டு நீலத்தைப் புட்டியோடு கவிழ்த்து வெள்ளைச் சட்டைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு போட்டாலும் வெளுப்பு வரவில்லை, தண்ணீர் சரியில்லை என்றார்கள். பள்ளிக்கூடத்து நீலப் பாவாடைகள் கொடியில் கறுப்பாகத் தொங்கின.

அரைமணி நேரம் மோனிஷாவின் வீட்டில் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தபோது அந்தப் பொன்நிறம் காணாமல் போயிருந்தது. எல்லாம் சாதாரணமாக, சரியாக இருந்தன. தாட்சாயணி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிறத்தோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்திய கண், அரைமணி நேரத்தில் ஏமாந்துவிட்டது.

திங்கட்கிழமை நிறுவனத்தின் இயக்குநர் சீதாபதியைப் பார்த்தாள். எழுபது வயதுக்காரர், மெதுவாகப் பேசுபவர். பந்தலை எடுக்கச் சொன்னாள்.

“குழந்தைக்கு ஆனது கஷ்டமாத்தான் இருக்கு. வைத்தியச் செலவு பூரா நம்ம பொறுப்பு” என்றார் அவர். “ஆனா பந்தலாலதான் ஆச்சுன்னு எந்த டாக்டர் எழுதிக் குடுப்பார்? மேல் மாடி வீடுகள்ல அஞ்சு டிகிரி குறைஞ்சிருக்கு. குடியிருப்போர் சங்கத்துல கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கோம்.”

“சூடு குறையும்னு சொல்லி வாங்கினீங்க. நீலத்த எடுக்கிறோம்னு சொன்னீங்களா?”

“நீலம் கேட்டது யாரு? நானா?” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “எனக்கு விளக்கு நீலமே போதும்னு சொன்னேன். செத்த நீலம்னு எழுந்து போனது நீங்க.”

அவரை அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அவர் சொன்னது உண்மையாக இருந்ததால் கோபம் இரண்டு மடங்காக ஏறியது. கூடத்துக்குப் போய்த் தன் கையாலேயே சிற்பத்தை அணைத்தாள். நீலப் பலகை மறைந்து, வெள்ளை அறை வெறும் அறையாயிற்று. பக்கத்தில் நின்ற எபினேசர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “இங்க அணைச்சா அங்க திரும்பிப் போகாது மேடம். படலம் உறிஞ்சிட்டேதான் இருக்கும். நீலம் இந்தக் கூடத்துக்கு அடியில இருக்கற குழில சூடா மாறி வீணாப் போயிடும். பந்தலச் சுருட்டினாத்தான் உண்டு. அதுக்கு ஆர்டர் இல்லாம நான் கை வெச்சா ஜெயில்தான்.”

அதிலிருந்து அந்த வாரம் முழுவதும் அவள் அதே வேலையாக இருந்தாள். வக்கீலைப் பிடித்தாள். நிறுவனத்தோடு அவள் போட்ட ஒப்பந்தத்தின் நாற்பது பக்கத்தையும் வரிவரியாகப் படித்தார்கள். வியாழக்கிழமை ஒரு வரி அகப்பட்டது: ஒளியின் தூய்மை குறித்து, அது பிறக்கும் இடம் முதல் கூடம் வரை, சிற்பியின் முடிவே இறுதியானது. திமிரில் அவளே அடம்பிடித்துச் சேர்க்கச் சொன்ன வரி. “இது போதும். பந்தல் அழுக்கா இருக்கு, சுருட்டிக் கழுவணும்னு எழுதுங்க. கழுவினது திருப்தின்னு நீங்க கையெழுத்துப் போடுற வரைக்கும் அவங்க திரும்ப விரிக்க முடியாது” என்றார் வக்கீல்.

“நான் செத்தாலும் போட மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை கடிதம் போயிற்று. சனிக்கிழமை எபினேசர் அதை வாங்கிப் படித்தார். நாலு தடவை படித்தார். “நாளைக்குக் காலைல வாங்க” என்றார். அவர் முகத்தில் பயமும் நிம்மதியும் சேர்ந்து இருந்தன.

ஞாயிறு பத்து மணிக்குப் பந்தலின் இயந்திர அறை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. எட்டாவது மாடியில் குடியிருக்கும் பக்கிரிசாமி என்பவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“எதுக்கு எடுக்கறீங்க? மே மாசம் எங்க வூட்ல வந்து ஒருநாள் படுத்துப் பாருங்க. தரைல கால் வெக்க முடியாது. இப்பதான் கொஞ்சம் தூங்கறோம். எவளோ கார்ல வந்து சொன்னா எடுத்துடுவீங்களா?”

அவர் கேட்டதில் தப்பில்லை. மோனிஷா குழந்தையோடு முன்னால் வந்தாள்.

“ண்ணே, ஃபேன் கேளு, ஏசி கேளு. எங்க போயி கேக்கணுமோ கேளு, நானும் கூட வரேன், அவங்க வாசல்ல உக்காருவேன். ஆனா வெயிலு நம்மளுது. அத அரைகொறயா உருவி எடுத்துனு மிச்சத்த நமக்குத் தரதுக்கு எவனுக்கும் உரிமை கெடையாது. என் பொண்ணப் பாரு. பாத்துட்டு அப்பறம் மறி.”

பக்கிரிசாமி குழந்தையைப் பார்த்தார். கதவை விட்டு ஒதுங்கிக்கொண்டார்.

இயந்திரம் முனகியது. கிழக்கு ஓரத்திலிருந்து படலம் பாய் சுருட்டுவது போலச் சுருண்டுகொண்டே போனது. அதற்குப் பின்னால் முதல் பிளாக்கின்மேல் நிஜமான பகல் விழுந்தது. நீலம் தரையில் ஊர்ந்து இரண்டாவது பிளாக்கைத் தொட்டது, மூன்றாவதைத் தொட்டது. மேலே வானம் வானமாக நின்றது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொடிகளில் காய்ந்த வேட்டி, சட்டை, தலையணை உறை எல்லாம் வெள்ளையில்லை, பளீரென்ற நீலம். ஏழு மாதம் ஊற்றிய சொட்டு நீலம் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. “யம்மாடி, என் ஸ்கூல் சட்டையப் பாரேன்!” என்று யாரோ கத்த, கூட்டமே சிரித்தது. தாட்சாயணியும் சிரித்தாள். எட்டு நாளில் முதல் தடவையாக.

ஐந்தாவது பிளாக்கின் முதல் மாடி வராண்டாவிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யக்கா... இங்க கொஞ்சம் வாங்களேன். புள்ளயப் பாருங்களேன்.”

நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு பெண், துணியில் சுற்றிய சிசுவை வெளிச்சத்தில் ஏந்திக்கொண்டு நின்றாள். கீழேயிருந்தே தெரிந்தது. மஞ்சள் அரைத்துப் பூசியதைப் போல இருந்தது குழந்தை.

மோனிஷா தன் மகளைத் தாட்சாயணியின் கையில் திணித்துவிட்டுப் படிகளில் ஓடினாள். நெற்றியை அழுத்தினாள், நெஞ்சை அழுத்தினாள், உள்ளங்காலை அழுத்தினாள். விரல் எடுத்த இடமெல்லாம் மஞ்சளாக நின்றது. அவள் வராண்டாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடித்தொண்டையில் கத்தினாள்:

“கைக்கொழந்த வெச்சிருக்கறவங்க எல்லாம் வெளிய வாங்க! தூங்கினாலும் தூக்கினு வாங்க! வெளிச்சத்துக்கு வாங்க!”

எட்டு பிளாக்கிலிருந்தும் ஒன்பது குழந்தைகள் வந்தன. தாய்மார்கள் முதல் பிளாக்கின் முன்னால் வரிசையாக நின்றார்கள். மோனிஷா ஒவ்வொன்றாகத் துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறு பேரைப் போகச் சொன்னாள். மூன்று பேரைக் காரைக் காட்டி ஏறச் சொன்னாள். தாட்சாயணி அழுதுகொண்டிருந்தாள்.

“அழுவறத அப்பறம் வெச்சிக்குங்க. வண்டிய எடுங்க” என்றாள் மோனிஷா.

குழந்தைகள் மருத்துவமனையில் மூன்று சிசுக்களுக்கும் குதிகாலில் ரத்தம் எடுத்தார்கள். கண்களைக் கட்டி, துணி கழற்றி, நீல விளக்குகளுக்கு அடியில் கிடத்தினார்கள். அரைமணி கழித்து ஓர் இளம் பெண் மருத்துவர் தாளோடு வெளியே வந்தார்.

“ரெண்டு பேருக்குப் பயமில்ல. புதன்கிழமைக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். அஞ்சாவது பிளாக் குழந்தைக்கு ரத்தத்தையே மாத்தணும், ரெடி பண்ணிட்டிருக்கோம். பிழைச்சுக்கும். காது எப்படியிருக்கும்னு மூணு மாசம் போனாத்தான் சொல்ல முடியும்.” அவர் தாளைப் புரட்டினார். “பந்தல் விஷயம் சொன்னாங்க. உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“போன சனிக்கிழமை.”

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். “எட்டு நாள் ஆச்சே. எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே? ஒரு டீம் வீடு வீடாப் போயி எல்லாக் குழந்தைக்கும் ரத்தம் எடுத்துப் பாத்திருக்கும். பந்தல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ரத்தத்துக்கு வெளிச்சம் வேண்டாமே.”

தாட்சாயணி வாய் திறந்தாள். வக்கீல், நாற்பது பக்கம், கடிதம் என்று சொல்ல வந்தாள். எட்டு நாளும் அவள் தன் நீலத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது பற்றித்தான் என்றாலும் நீலத்தைப் பற்றியேதான். வேறு குழந்தைகள் இருக்குமே என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லை.

மோனிஷா கண்ணாடிக் கதவருகே தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். செவிச் சோதனைக்கும் கழுத்துப் பயிற்சிக்குமாக அந்த வாரம் பூராவும் இதே வராண்டாவில் உட்கார்ந்திருந்தவள் அவள். மற்றக் குழந்தைகளைப் பற்றி டாக்டர்களிடம் சொல்ல அவளுக்கும் தோன்றியிருக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், அந்த ஐந்தாவது பிளாக் குழந்தையின் தாய் கதவில் நெற்றியை வைத்தபடி நின்றாள்.

“இந்தப் புள்ள பொறந்து எத்தினி நாளு?” என்று மோனிஷா அவளிடம் கேட்டாள்.

“செவ்வாக்கெழமை பொறந்துச்சுக்கா. அஞ்சு நாளு.”

மோனிஷா விரல்களை மடக்கி எண்ணினாள். பிறகு தாட்சாயணியின் பக்கம் திரும்பினாள். இந்த முறை அவள் கத்தவில்லை.

“நான் உங்களாண்ட வந்து சொன்ன அன்னிக்கு இந்தப் புள்ள பொறக்கவே இல்ல மேடம்.”